9 எம்எம் ரீலோடிங்குக்கு முதல் டப்பா பவுடர்: ஹெச்பி-38, டைட்குரூப், யூனிக், என்320

சுட்டு முடிந்த தோட்டாவின் உலோகக் கூட்டில் புதிய ப்ரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு பகுதி), பவுடர், புல்லட் மூன்றையும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் அதைத் தொடங்குபவர் 9 எம்எம் தோட்டாவுக்கு முதலில் வாங்க வேண்டிய பவுடர் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் ஹெச்பி-38. அது கிடைக்காவிட்டால் வின்செஸ்டர் 231 வாங்கலாம். டப்பாவும் பெயரும்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே பவுடர். கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது டைட்குரூப்பைத்தான். நல்ல பவுடர்தான் அது, ஆனால் முதல் டப்பாவாக வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கைத்துப்பாக்கிக்கான புகையில்லாப் பவுடர்களை அவை எரியும் வேகத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். புல்ஸ்ஐ, டைட்குரூப் இரண்டும் வேகமானவை. ஹெச்பி-38, என்320 அவற்றை ஒட்டி வரும். யூனிக் நடுவில் நிற்கும், ஹெச்எஸ்-6 அதற்கும் நிதானம், 2400, ஹெச்110 இரண்டும் மேக்னம் எனப்படும் கூடுதல் விசைத் தோட்டாக்களுக்கான கடைசி வரிசை. இந்தப் பட்டியல் வரிசையை மட்டுமே சொல்லும். பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் புதியவர் செய்யும் மிக ஆபத்தான தவறு.

எரியும் வேகத்தைப் போலவே பவுடரின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கடைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். யூனிக் பொடி அவல் மாதிரி தட்டையான செதில்களாக இருக்கும். ஹெச்பி-38 ரவையை நசுக்கித் தட்டையாக்கியது போல இருக்கும். பின்லாந்தின் விஹ்டாவுவோரி தயாரிக்கும் என்320 சேமியாவை மிகப் பொடியாக நறுக்கிய துணுக்குகள். ஒரு படி அவலும் ஒரு படி அரிசியும் ஒரே எடை நிற்காது அல்லவா? இங்கேயும் அதே கதைதான். எடை ஒன்றாக இருந்தாலும் யூனிக் அதிக இடத்தை அடைக்கும், டைட்குரூப் அடியில் அமுங்கிக் கிடக்கும்.

9 எம்எம் கூட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால், கிரெய்ன் என்ற சிறு எடை அலகில் 13-க்குச் சற்று மேல் பிடிக்கும். டைட்குரூப் அளவுகள் பெரும்பாலும் 4 கிரெய்னைச் சுற்றியே இருக்கும். கைத்தவறுதலாக ஒரே கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் அது விளிம்பைத் தாண்டி வழியாது. ஹெச்பி-38 இரண்டு முறை விழுந்தால் விளிம்பைத் தொட்டு நிற்கும், புல்லட்டை வைக்கப் போகும்போதே கண்ணில் பட்டுவிடும். யூனிக் என்றால் வழிந்து, தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் ப்ரெஸ் கருவியின் மேடையெல்லாம் சிதறிவிடும். இரட்டை அளவு விழுந்த தோட்டா துப்பாக்கியையே உடைக்கும், கையையும் கண்ணையும் காயப்படுத்தும். தவறை நம் கண்ணுக்கே காட்டிக்கொடுக்கும் பவுடரைத்தான் கற்றுக்கொள்ளும் காலத்தில் வைத்திருக்க வேண்டும்.

.38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 1898-இல் கரும்பவுடருக்காக உருவான கூடு அது. அதனால் உள்ளே இடம் தாராளம். டைட்குரூப் அல்லது புல்ஸ்ஐ போட்டால் அடியில் ஒரு சிட்டிகை கிடப்பது போலத்தான் தெரியும். இரண்டு முறை மட்டுமல்ல, மூன்று முறை விழுந்தாலும் கூடு நிறையாது. ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் சிறிய விளக்கு அடித்துப் பார்க்காமல் புல்லட்டை அழுத்தக் கூடாது.

டைட்குரூப்பைப் பற்றி நியாயமாகச் சொன்னால், நல்ல குணங்கள் அதற்கு நிறைய உண்டு. கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் ஒரே அளவு பவுடரைக் கொட்டும் அளவு மானியில் தண்ணீர் போல இறங்கும். பெரிய கூட்டில் பவுடர் முன்பக்கம் சாய்ந்து கிடந்தாலும் பின்பக்கம் சாய்ந்து கிடந்தாலும் வேகம் அதிகம் மாறாது. குறைந்த எடையே போதும் என்பதால் டப்பா நெடுநாள் வரும். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். கணக்குக்காக 4 கிரெய்ன் என்று வைத்தால் 1,750 தோட்டா, 5 கிரெய்ன் என்றால் 1,400 தோட்டா. டப்பா 40 டாலர் என்று எடுத்துக்கொண்டால் ஒரு தோட்டாவுக்கு மிச்சம் அரை சென்ட்டுக்குச் சற்று மேல், ஆயிரம் தோட்டாவுக்கு ஆறு டாலர்கூட வராது. இந்த ஆறு டாலருக்காக இரட்டை அளவு கண்ணில் படாத பவுடரோடு கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு குறையும் உண்டு. நைட்ரோகிளிசரின் கூடுதலாக உள்ள பவுடர் என்பதால் சூடாக எரியும். மெழுகு தடவிய ஈய புல்லட்டோடு சேர்ந்தால் புகை அதிகம், வேகமாகச் சுட்டால் குழாயும் சீக்கிரம் சூடேறும்.

யூனிக் 1900-ஆம் ஆண்டிலிருந்து வரும் பெயர், இப்போது அலையன்ட் விற்கிறது. .38, .45 ஏசிபி, .44 என எதற்கும் கை கொடுக்கும். பல தோட்டாக்களுக்கு ஒரே டப்பா வேண்டும் என்பவருக்கு அதுவே சரி. சிரமம் அளப்பதில்தான் இருக்கிறது. செதில்கள் மானியின் வாயில் மாட்டி வெட்டுப்படும், கைப்பிடியில் கரகரவென்று உணரலாம். அப்படி வெட்டுப்பட்ட தடவை அளவு குறையும், அடுத்த தடவை கூடும். நிதானமாகச் செய்பவருக்கு இது தொந்தரவில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் பல வேலைகளை ஒன்றாக முடிக்கும் வேகமான ப்ரோக்ரஸிவ் ப்ரெஸ்ஸில் மணிக்கு நூற்றுக்கணக்கில் போடுபவருக்கு எரிச்சல் தரும்.

என்320, யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் போட்டி அமைப்பின் போட்டியாளர்களுக்குச் செல்லம், காரணத்தோடுதான். அதில் நைட்ரோகிளிசரின் இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மட்டுமே. குழாயில் கரி குறைவு, உதை மென்மையாகத் தெரியும், கூட்டையும் நன்றாக நிறைக்கும். அந்தப் போட்டியில் குறைந்த விசைக்கான மைனர் பிரிவுக்குத் தேவையான பவர் ஃபேக்டர் 125. புல்லட்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. 147 கிரெய்ன் புல்லட்டுக்கு நொடிக்கு 851 அடி இருந்தால் போதும். கனமான புல்லட், மிதமான வேகம் என்ற இந்தச் சேர்க்கைக்கு என்320 அவ்வளவு இதமாகப் பொருந்தும். விலைதான் கடிக்கும். குழாய் முனையில் காம்பன்சேட்டர் (வாயுவை மேலே திருப்பி உதையைக் குறைக்கும் பாகம்) வைத்தவர்களுக்கு அது வேலை செய்ய நிறைய வாயு தேவை. அவர்கள் ஹெச்எஸ்-6 போன்ற நிதானமான பவுடருக்குப் போகலாம்.

மேக்னம் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. ஹெச்110-ஐ வழக்கம்போல 10 சதவீதம் குறைத்துத் தொடங்கக் கூடாது. 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று ஹாட்ஜ்டனே சொல்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாது, புல்லட் குழாய்க்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிதுங்கும் அல்லது வெடிக்கும்.

எந்த டப்பா வாங்கினாலும் முதல் மாலையில் தோட்டா போட வேண்டாம், மானியை மட்டும் சோதியுங்கள். தொட்டியை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, இருபது முறை இழுத்து அந்தப் பவுடரைத் தொட்டியிலேயே திரும்பக் கொட்டுங்கள். பவுடர் அமர்வதற்கு அவ்வளவு வேண்டும். பிறகு பத்து அளவுகளைத் தனித்தனியாக, 0.1 கிரெய்ன் காட்டும் தராசில் நிறுத்து எழுதுங்கள். தராசை முதலில் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள், மேலே மின்விசிறி ஓடினால் நிறுத்துங்கள். பத்தும் 0.1 கிரெய்னுக்குள் அடங்கினால் நிம்மதி. 0.2-க்கு மேல் ஆடினால் பவுடரைக் குறை சொல்லும் முன் கைப்பிடியைப் பாருங்கள். ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வெடுக்கென்றும் இழுத்தால் எந்தப் பவுடரும் ஆடும். குளிர்கால வறட்சியில் நிலைமின்னால் பவுடர் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துணி உலர்த்தியில் போடும் தாளால் தொட்டியை உள்ளே ஒருமுறை துடைத்தால் சரியாகும்.

இங்கே எந்த ரெசிபியும் கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். அளவு பவுடர் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும். புல்லட்டின் எடை, வகை, தோட்டாவின் மொத்த நீளம் மூன்றும் பொருந்திய வரியை எடுத்து, அதன் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். நீளத்தை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். 9 எம்எம்மில் புல்லட் கொஞ்சம் ஆழமாகப் போனாலே உள்ளிடம் சுருங்கி அழுத்தம் மளமளவென ஏறும். அந்தத் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). ப்ரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பது கைத்துப்பாக்கியில் நம்பக்கூடிய வழி அல்ல. 17,000 பிஎஸ்ஐ மட்டுமே தாங்கவென அமைந்த .38 ஸ்பெஷலில் ப்ரைமர் அடையாளம் காட்டும் முன்பே எல்லை தாண்டிப் போயிருக்கும்.

இவையெல்லாம் அமெரிக்க நிலவரம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆவது பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் தேவை. சுடுவதற்கான உரிமத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை முடிந்ததும் மானியில் மீந்த பவுடரை அன்றிரவே அதன் டப்பாவுக்கே திருப்பிவிடுங்கள். நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டை அடிப்படைப் பவுடர்கள் பிளாஸ்டிக் தொட்டியின் சுவரைப் பழுப்பாக்கி அரித்துவிடும். அதைவிட முக்கியம், மறுநாள் காலையில் தொட்டியில் கிடப்பது எது என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. மேசையில் எப்போதும் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும். பெயரில் சந்தேகம் வந்த பவுடர் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் தோட்டாவுக்குள் போகக் கூடாது. பழைய டப்பாவைத் திறந்ததும் கரைப்பானின் இலேசான இனிப்பு வாசனை வந்தால் நல்லது. மூக்கைக் குத்தும் அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ பவுடர் கெடத் தொடங்கிவிட்டது. அதை வீட்டுக்குள் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.