ஒரு குளம், நான்கு வாசல்: ஆய்வுக்கு மூலம் தேடிய கதை

இறுதி ஆண்டு ஆய்வு தொடங்கும் மாதங்களில் வவுனியாவிலிருந்து எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்: "லிற்றரேச்சர் எங்க எடுத்தனீ?" பெரும்பாலும் பதில் கூகிள்தான். அதில் பிழையில்லை. ஆனால் வன்னியைப் பற்றி எழுதுகிறவருக்கு மூலங்கள் வேறு வாசல்களிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு விதமாக ஏமாறவும் இடமுண்டு.

நான் எடுத்தது வவுனியா வடக்கில் ஒரு சிறுகுளம். கேள்வி இரண்டுதான். குளம் எப்போது திருத்திக் கட்டப்பட்டது? அதன் கீழ் எத்தனை ஏக்கர் பாய்கிறது? இதே இரண்டு கேள்விகளோடு பல்கலைக்கழக நூலகத்தின் இறாக்கைகள், நூலகம் என்கிற எண்ணிம நூலகம், கூகிள் ஸ்கொலரில் வரும் ஆய்விதழ்கள், திணைக்களங்களின் கையேடுகளும் பதிவேடுகளும் என்று நான்கு இடத்துக்கும் போனேன். அவசரக்காரருக்கு முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எண் வேண்டுமென்றால் திணைக்களம், ஆய்வு முறை வேண்டுமென்றால் ஆய்விதழ். ஆனால் நாட்களில் பாதி இறாக்கையிலேயே போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இறாக்கையில் முதல் சிக்கல், குளத்துக்கென்று ஓர் இடம் கிடையாது. டூயி பகுப்பு முறையில் நீர்ப்பாசன விவசாயம் 631.587 இல் இருக்கும். அணைக்கட்டு, துருசு (மதகு) என்று பொறியியல் பக்கம் போனால் 627. நீர் ஒரு வளம், அதை யார் நிர்வகிப்பது என்று கேட்டால் 333.91. குளத்தின் பழைய கதைக்கு 954.93, அதாவது இலங்கை வரலாறு. நான் முதல் இரண்டு நாட்களும் 631 இலேயே நின்று எதுவும் இல்லையென்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணைதான் கேட்டார்: "தம்பி, நீர் தேடுறது வெள்ளாமையையா, குளத்தையா? குளமெண்டால் சரித்திரப் பக்கம் போய்ப் பாரும்." போனேன். கிடைத்தது.

கிடைத்தவற்றில் ஒன்று ஜே.பி.லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு. இன்னொன்று ஆர்.எல்.புரோகியர் 1930களில் இலங்கையின் பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றி எழுதிய தொகுதிகள். இரண்டும் இரவலுக்குத் தராத பகுதியில் இருந்தன. அங்கேயே இருந்து குறிப்பெடுக்க வேண்டியதுதான். ஒரே மேசையில் இரண்டையும் விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் மூலத்தை மதிப்பிடுவது என்றால் என்னவென்று எனக்கு ஓரளவு விளங்கியது. லூயிஸ் சிவில் சேவை அதிகாரி. அவர் குளத்தைப் பார்க்கும்போது வரியும் சனத்தொகையும் காய்ச்சலும் கூடவே வரும். புரோகியர் நில அளவைக்காரர். அவருக்குக் குளம் என்றால் கட்டு, நீளம், நீர் வரும் வழி. இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் உத்தியோகம் எதைப் பார்க்கச் சொன்னதோ அதைப் பார்த்திருக்கிறார்கள். எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதோடு, எதற்காக எழுதினார் என்றும் ஒரு வரி உங்கள் குறிப்பில் இருக்கட்டும். வைவாவில், அதாவது ஆய்வு பற்றிய வாய்மொழித் தேர்வில், அந்த ஒரு வரி கை கொடுக்கும்.

கணினிப் பட்டியலில் தேடுபவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்தில் வன்னி 'வி'யிலும் தொடங்கும், 'டபிள்யூ'விலும் தொடங்கும். முல்லைத்தீவைப் பழைய நூல்களில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். இரணைமடுவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல் உண்டு. எல்லாவற்றையும் போட்டுத் தேடாமல் "இந்தத் தலைப்பில் ஆய்வுகள் எதுவும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். மேற்பார்வையாளர் ஐந்தே நிமிடத்தில் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார்.

நூலகம் எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கியது. பஸ் காசு மிச்சம், இரவு பதினொரு மணிக்கும் திறந்திருக்கும். வேறு எங்கும் கிடைக்காத சாமான்கள் அங்கே உண்டு: பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பிரதேச மலர்கள், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுகள். ஒரு குடியேற்றக் கிராமத்துக்கு முதல் வந்த குடும்பங்கள் எவை என்று எந்த ஆய்விதழும் சொல்லாது. அந்த ஊர்ப் பாடசாலையின் பொன்விழா மலர் சொல்லக்கூடும். சங்கடம், பெரும்பாலானவை பக்கங்களைப் படம் பிடித்த பிடிஎவ்கள். உள்ளே இருக்கிற சொல் தேடலில் அகப்படும் என்று நம்பியிருக்கக் கூடாது. பல நூல்களின் பக்கத்தில் உள்ளடக்கத்தைத் தமிழில் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். தேடல் பிடிப்பது அதைத்தான். ஆகவே குளத்தின் பெயரை மட்டும் போடாமல் ஊரின் பெயர், பாடசாலையின் பெயர் என்று சுற்றி வளைத்துத் தேட வேண்டும்.

மலர்க் கட்டுரைகளை எப்படி நம்புவது? ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை எடுத்துக்கொள்வோம். 1803 ஒக்டோபர் 31 இல் அவர் கொல்லப்பட்டார் என்று எத்தனையோ இடத்தில் வாசித்திருப்பீர்கள். கற்சிலைமடுவில் இருந்த நினைவுக் கல்லின் ஆங்கில வாசகம் சொன்னதோ, அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தார் என்று. தோற்பது வேறு, சாவது வேறு. ஒருவர் சற்றே கூட்டி எழுதியதை மற்றவர்கள் பார்த்தெழுதினால் பத்துக் கட்டுரைகளும் ஒரே சாட்சிதான். மலரை நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. எழுதியவர் கண்டதை எழுதுகிறாரா, கேட்டதை எழுதுகிறாரா, வாசித்ததை எழுதுகிறாரா என்று பக்க ஓரத்தில் ஒரு குறி போட்டால் போதும். கண்டதை எழுதிய மலர்க் கட்டுரை என் கணக்கில் நல்ல மூலம்.

கூகிள் ஸ்கொலர், ஆய்விதழ்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் வெளியீடுகள் இலவசம். ஹெக்டர் கொப்பேகடுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைகளில் சிறுகுளங்கள் பற்றி நிறைய உண்டு. உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு எஸ்.எல்.ஜோல் என்கிற இணையத்தளம் இருக்கிறது. ஜேஸ்டோர் என்கிற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் நூறு கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம். ஆய்வு முறைக்கும் கேள்விக்கொத்துத் தயாரிக்கவும் இவற்றை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் என் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஒரு வரிகூடப் பதில் இல்லை. என் குளம் அவர்களுக்கு மிகவும் சின்னது.

இங்கே அகப்பட்ட ஒரு பொறியை மட்டும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இரண்டு கிழமையில் பிரசுரிக்கிற ஒரு வெளிநாட்டு இதழில், சிறுகுளம் என்றால் 80 ஏக்கர் வரை என்று இருந்தது. நானும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன். உண்மையில் அது 80 ஹெக்டேயர், கிட்டத்தட்ட 200 ஏக்கர். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் அதன் அலகைத்தான் பார்க்கிறேன்.

அந்த 80 ஹெக்டேயர் இன்னொரு வகையிலும் முக்கியம். பாயும் காணி அதற்கு மேலென்றால் குளம் பொதுவாக நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பக்கம் போகும். அதற்குட்பட்டால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். இது தெரியாமல் நீர்ப்பாசன அலுவலகத்து வாங்கில் அரை நாள் இருந்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். சிறுகுளத்தின் பதிவேடு கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டியது. நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒப்படைக்கும் திகதிக்கு முதல் கிழமை இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வெளியிடுகிற மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டைப் பலர் வேதம்போல எடுக்கிறார்கள். ஒரு வருடத்து நிலைமைக்கு அது நல்லது. பல வருடங்களை ஒப்பிடப் போனால் எல்லை குழப்பும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல், கிளிநொச்சி 1984 இல். 1981 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கிளிநொச்சியைத் தேடினால் அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருக்கும். 2001 கணக்கெடுப்பு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்கவே இல்லை, வவுனியாவிலும் மன்னாரிலும் அரைகுறை. அடுத்த முழுக் கணக்கு 2012 இல்தான் வருகிறது. இடையிலுள்ள முப்பத்தொரு வருடத்துக்கு அழகான நேர்கோட்டு வரைபு ஒன்றை யாராவது காட்டினால், கோட்டின் நடுப்பகுதி எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள். யுத்தமும் இடப்பெயர்வும் ஒரு நேர்கோட்டில் நடந்த மாதிரி அது காட்டும்.

என் குளத்துக்கு ஏக்கர் கணக்கு கமநல சேவை நிலையத்தில் கிடைத்தது. திருத்திக் கட்டிய வருடம் மட்டும் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. பாடசாலை மலர் 1958 என்றது, பதிவேடு 1968 என்றது. மலரை எழுதியவர் ஓய்வுபெற்ற அதிபர், அந்த ஊர்ப் பிள்ளை. பதிவேடோ இடப்பெயர்வுக்குப் பிறகு புதிதாக எழுதப்பட்ட கொப்பி. பழையது இல்லை என்றார்கள்.

கடைசியில் கமக்காரர் அமைப்பின் செயலாளரைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டில் ஏறினேன். துருசின் கொங்கிறீற்றில் வருடம் பொறித்திருந்தது. மேலே பாசி. அவர் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு சிரட்டைத் துண்டால் சுரண்டினார். ஒன்று தெரிந்தது, ஒன்பது தெரிந்தது, கடைசியில் எட்டு. மூன்றாவது இலக்கம் உடைந்துபோயிருந்தது. "அந்த முறை வெள்ளம் வந்து ரெண்டு வரியத்தாலதான் நான் பிறந்தனான் எண்டு அம்மா சொல்லுறவ" என்றார். எந்த வெள்ளம் என்று கேட்டேன். கட்டிலேயே குந்திக்கொண்டு இரண்டு பேரும் விரல் மடித்து எண்ணத் தொடங்கினோம். ஆய்வில் இரண்டு வருடத்தையும் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்பில் எழுதினேன். வைவாவில் அதிக நேரம் ஓடியது அந்த அடிக்குறிப்பைப் பற்றித்தான்.