மரவள்ளி மாவிலிருந்து லாக்டிக் அமிலம்: பாக்டீரியாவை மிதக்க விடலாமா, கட்டிப்போடலாமா?

கிழங்கு சீசனில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையைத் தாண்டிப் போனால் புளிச்ச வாடை மூக்கைத் துளைக்கும். கழிவுநீரில் மிஞ்சிய மாவைத் தின்று பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. இதையே லாக்டோபேசில்லஸ் என்ற தேர்ந்தெடுத்த பாக்டீரியாவை வைத்துத் தொட்டிக்குள் செய்தால் காசாகும் லாக்டிக் அமிலம் கிடைக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கும் தோல் பதனிடவும் அது வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது, பாக்டீரியா செல்களைக் கரைசலில் மிதக்க விடுவது. இது எளிது. திப்பி (கிழங்குச் சக்கை) கலந்த மாவுப்பாலானாலும் சமாளிக்கும். ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் புதிதாக விதைக் கரைசல், அதாவது தொடக்கத்தில் சேர்க்கும் பாக்டீரியாக் கரைசல், வளர்க்க வேண்டும். கடைசியில் செல்களை வடிகட்டிப் பிரிக்கும் வேலையும் உண்டு.

அடுத்தது, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் பசைக்குள் செல்களைக் கட்டிப்போடும் மணிகள். 2 முதல் 4 சதவீத சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் செல்களைக் கலந்து, கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போலவே உருண்டு நிற்கும். குழாயில் நிரப்பிச் சர்க்கரைக் கரைசலை ஓட விட்டால் அதே செல்கள் திரும்பத் திரும்ப வேலை செய்யும். ஆய்வகத்தில் பார்க்க அழகுதான். சிக்கல் மாவுச்சத்தில் இருக்கிறது. அதன் மூலக்கூறு பெரியது; மணிக்குள் எளிதில் நுழையாது. உள்ளே உருவாகும் அமிலமும் சட்டென்று வெளியேறாமல் செல்களையே வாட்டும். போதாக்குறைக்கு லாக்டேட், பாஸ்பேட் இரண்டுமே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் மணி நாளடைவில் கொழகொழத்து உடையும்.

ஜப்பானின் தனபே நிறுவனம் 1973-லேயே கட்டிப்போட்ட ஈ.கோலை பாக்டீரியா செல்களை வைத்து ஆலை அளவில் அஸ்பார்டிக் அமிலம் தயாரித்ததே என்பார்கள். சரிதான். ஆனால் அங்கே உள்ளே போனது ஃபியூமாரிக் அமிலமும் அம்மோனியாவும். இரண்டுமே சின்ன மூலக்கூறுகள். அந்த வெற்றியை அப்படியே மாவுக்குப் பொருத்தக் கூடாது.

மூன்றாவது வழி, செல்களைத் தேங்காய் நாரிலோ பாலியூரித்தேன் பஞ்சிலோ ஒட்டி வளர விடுவது. என் ஓட்டு இதற்குத்தான். செல்கள் மேற்பரப்பில் இருப்பதால் மாவு நேரடியாக அவற்றைத் தொடுகிறது. லாக்டோபேசில்லஸ் அமைலோவோரஸ் மாதிரி அமைலேஸ் என்ற மாவை உடைக்கும் நொதியைத் தானே சுரக்கும் இனம் என்றால் மாவைத் தனியாக உடைக்க வேண்டியதில்லை. கஞ்சி பதத்துக்குக் காய்ச்சினாலே போதும். நாரும் மலிவு. குறை என்னவென்றால், செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வருவதால் வெளிவரும் நீர் கலங்கலாக இருக்கும்.

மணிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் ஆல்பா அமைலேஸ் சேர்த்து 90 டிகிரி வாக்கில் மாவை நீர்க்கச் செய்து, ஆறவிட்டு 60 டிகிரியில் குளுக்கோஅமைலேஸ் என்ற இன்னொரு நொதியால் குளுக்கோஸாக்க வேண்டும். பயோகேஸ் கலன் உள்ள ஆலைக்கு அந்தச் சூடு ஒரு பெரிய செலவில்லை. மற்றவர்களுக்கு விறகுக்கும் நொதிக்கும் ஆகும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் ஒன்று: நாரோ மணியோ, குழாய்க்குள் விடுமுன் திப்பியை நன்றாக வடிகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வடித்த திப்பி வீணாகாது, மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.