ஷில்லரின் ‘மொபைல் கம்யூனிகேஷன்ஸ்’: இப்போதும் வாங்கலாமா?

அக்கா மகள் போன மாதம் பாலிடெக்னிக் விடுதியிலிருந்து போன் செய்தாள். "மாமா, வயர்லெஸ் பாடத்துக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க. கிளாஸ்ல குடுத்த ஸ்லைடப் படிச்சா மனப்பாடம்தான் ஆகுது, ஒண்ணும் புரிய மாட்டேங்குது." வார இறுதியில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்தவளிடம் நான் எடுத்துக் கொடுத்தது 2003இல் அச்சான ஒரு புத்தகம். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. முதல் பக்கத்தில் ஆண்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அந்தப் புத்தகத்தை ஏன் கொடுத்தேன் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே பாடத்தை எடுத்துவிட்டுத் திணறும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

யோஹென் ஷில்லர் பெர்லினில் கணினியியல் பேராசிரியர். அவருடைய ‘மொபைல் கம்யூனிகேஷன்ஸ்’ முதலில் 2000இல் வந்தது. என்னிடம் இருப்பது இரண்டாம் பதிப்பு. 2011இல் ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடை ஒன்றில் 25 வெள்ளிக்கு வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் நான்காம் அத்தியாயம் வரை பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு கோடும் இல்லை. அவர் எங்கே நின்றுபோனார், ஏன் நின்றுபோனார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் வேலை டிரைவ் டெஸ்ட். காருக்குள் நான்கைந்து கைப்பேசிகள், ஒரு ஸ்கேனர், ஒரு மடிக்கணினி. பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் சாலை சாலையாக ஓட்டி, எங்கே சிக்னல் விழுகிறது, எங்கே அழைப்பு அறுகிறது என்று பதிவெடுப்போம். வேலையில் சேர்ந்த புதிதில் எந்த எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லித் தந்தார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை எனக்குச் சொல்லித் தந்தது இந்தப் புத்தகம்.

ஒரு நாள் பத்து ஃபெரிங்கி கடற்கரையோரம் எடுத்த பதிவில், 2ஜி கைப்பேசி ஒன்று டைமிங் அட்வான்ஸ் 47 என்று காட்டியது. பக்கத்திலேயே டவர் இருக்கும்போது இந்த எண் ஒன்றோ இரண்டோதான் வர வேண்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றிரவு ஷில்லரின் ஜிஎஸ்எம் பகுதியை, அதாவது 2ஜி கைப்பேசி முறையைப் பற்றிய பகுதியைப் பிரித்தேன். டவரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கைப்பேசிக்கு ரேடியோ அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 0.23 மில்லிவினாடி ஆகும். எட்டுப் பேர் முறைவைத்துப் பேசும் ஒரு அலைவரிசையில் அந்தத் தாமதம் அடுத்தவருடைய முறைக்குள் போய் விழுந்துவிடும். அதனால்தான் தொலைவில் இருக்கும் கைப்பேசியிடம் ‘கொஞ்சம் முன்கூட்டியே பேசு’ என்று டவர் சொல்கிறது. அந்த ‘முன்கூட்டி’தான் டைமிங் அட்வான்ஸ். மொத்தம் 63 படிகள், ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். 47ஐப் பெருக்கினால் 26 கிலோமீட்டர் வருகிறது. கருவியில் கோளாறே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கெடா கரையில் நிற்கும் டவரைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருந்தது; நடுவில் மறைக்க ஒன்றுமில்லாத வெறும் தண்ணீர். அந்த ராத்திரிக்கே 25 வெள்ளியும் தகும் என்று தோன்றியது.

இந்தப் புத்தகத்தின் பலம் அதுதான். ஒரு முறையை விளக்குவதற்கு முன்னால், அது இல்லாவிட்டால் என்ன கெடும் என்று காட்டிவிடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்பதுதான் அதன் கேள்வி. கம்பியில் வேலை செய்யும் முறையை அப்படியே காற்றுக்குக் கொண்டுவந்தால் ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, ஆனால் இருவர் பேச்சும் நடுவில் இருப்பவரிடம் போய் மோதும். இது மறைந்த முனையச் சிக்கல். அக்கா வீட்டிலேயே இதைக் காட்டினேன். நீளமான தொடர்வீடு அது. ரூட்டர் நடுக் கூடத்தில் இருக்கிறது. முன்வாசலில் ஒரு மடிக்கணினி, பின்னால் சமையலறைக்கு மேலே இருக்கும் அறையில் இன்னொன்று. ஒன்றின் சிக்னல் மற்றதற்கு எட்டாது, ஆனால் இரண்டும் ரூட்டருக்கு எட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பெரிய கோப்பை அனுப்பினால் இரண்டுமே தடுமாறின. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அம்மாகிட்ட பேசுற மாதிரி" என்றாள் அவள். சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதே அத்தியாயத்தில் அலோஹா முறையும் வருகிறது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் தீவுகளை ரேடியோவால் இணைத்தபோது பயன்படுத்திய முறை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடியும் பேசலாம். கணக்குப் போட்டால் பாதையின் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன் கிடைக்காது. நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் ஏறக்குறைய 37 வரை போகும். பழங்கதை என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் நின்று பாருங்கள். கைப்பேசியில் எல்லாக் கட்டையும் நிரம்பி இருக்கும், ஆனால் அழைப்பு போகாது. பேசுவதற்கு முன் கைப்பேசி டவரைப் பார்த்து ஒருமுறை கை தூக்க வேண்டும். அந்தக் கை தூக்கல் ஜிஎஸ்எம்மில் கட்டம் பிரித்த அலோஹாதான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கை தூக்கினால் டவருக்கு ஒருவர் கையும் தெரியாது. சனங்கள் "லைன் இல்ல" என்பார்கள். லைன் இருக்கிறது, வாசலில்தான் நெரிசல்.

எட்டாம் அத்தியாயம், மொபைல் ஐபி: கருவி இடம் மாறினாலும் அதன் இணைய முகவரி மாறாமல் தரவைக் கொண்டுசேர்க்கும் முறை. பாடத்தில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஹோம் ஏஜென்ட், ஃபாரின் ஏஜென்ட், கேர் ஆஃப் அட்ரஸ் என்று மூன்று பெயர்களும் சேர்ந்து வந்து மிரட்டும். ஷில்லரின் படங்கள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனாலும் அக்கா மகளுக்கு நான் சொன்னது எங்கள் தாத்தா கதையை. தாத்தா கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். குடும்பம் பினாங்குக்குக் குடிபெயர்ந்த பிறகும் சொந்தக்காரர்கள் பழைய முகவரிக்கே எழுதினார்கள். ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர், நல்ல மனிதர். தாத்தா சொல்லிவிட்டு வந்த புது முகவரியை எழுதி, வந்த கடிதத்தை அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பிவைப்பார். அந்தக் கிராணிதான் ஹோம் ஏஜென்ட். அவர் வெளியுறையில் எழுதும் புது முகவரிதான் கேர் ஆஃப் அட்ரஸ். புது ஊரில் அந்த உறையை வாங்கித் தாத்தாவிடம் சேர்ப்பவர்தான் ஃபாரின் ஏஜென்ட். உறைக்குள் உறை போடுவதைத்தான் டனலிங் என்கிறார்கள். பிறையில் இருந்த சித்தப்பா எழுதிய கடிதம் கடலைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான். ஆனால் அது முதலில் கூலிமுக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பினாங்குக்கு வரும். இந்த வீண் சுற்றுக்கு முக்கோண வழி என்று பெயர்; அதைக் குறைப்பதற்கு என்ன செய்யலாம் என்றும் அத்தியாயம் பேசுகிறது. இதைச் சொன்ன பிறகு அவள் அந்தப் பகுதியை ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

நாம் கையில் வைத்திருக்கும் 4ஜி கைப்பேசிகள் இந்தப் புத்தகத்தில் உள்ள மொபைல் ஐபி வடிவத்தில் இயங்கவில்லை. அங்கே ஜிடிபி என்ற வேறொரு டனல் முறை இருக்கிறது. ஆனால் உறைக்குள் உறை என்பது புரிந்தவனுக்கு ஜிடிபி ஒரு மணி நேர வேலை. அது புரியாதவனுக்கு ஒரு பருவம் முழுக்கப் போனாலும் வெறும் சுருக்கெழுத்தாகவே இருக்கும்.

ஒன்பதாம் அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. இணையத்தில் தரவு தொலையாமல் போய்ச் சேருவதைக் கவனிக்கும் டிசிபி என்ற விதிமுறையைப் பற்றியது அது. 2012 வாக்கில் ஃபெரியில் போய்க்கொண்டே தரவிறக்கச் சோதனை எடுத்தோம். கடல் நடுவில் கைப்பேசி 3ஜியை விட்டு 2ஜிக்கு மாறும்போது சில வினாடிகள் தரவு நின்றது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ரேடியோ பக்கம் எல்லாம் சீரான பிறகும் தரவிறக்கம் வெகுநேரம் எழவில்லை. மேலாளர் கவரேஜ் குறை என்று எழுதச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷில்லர் இதை அழகாக விளக்குகிறார். டிசிபி கம்பி உலகத்தில் பிறந்தது. ஒரு பொட்டலம் காணாமல் போனால் வழியில் நெரிசல் என்றே அது முடிவுகட்டும். வேகத்தைக் குறைக்கும், பதில் வராவிட்டால் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கும். காற்றில் தொலைந்ததும் கைமாறும்போது தாமதமானதும் அதற்கு நெரிசல் போலவே தெரியும். பாதை திறந்த பிறகும் அது பாவம், கதவுக்கு வெளியே காத்துக்கொண்டே நிற்கும். இதைச் சரிசெய்ய ஆராய்ச்சியாளர்கள் முயன்ற வழிகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதை வாங்குகிறது என்றும் சொல்கிறார். இணைப்பை நடுவில் இரண்டாக வெட்டுவது, டவர் பக்கம் ஒட்டுக்கேட்டுத் தொலைந்ததை மறுபடி அனுப்புவது, தொடர்பு அறுந்ததும் அனுப்புபவருடைய சாளரத்தை (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவை) பூச்சியமாக்கி அப்படியே உறையவைப்பது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் அறிக்கையில் என் காரணத்தைத் தனியாக எழுதினேன்.

இனி குறைகள். நான்காம் அத்தியாயம் மிகவும் கனம். ஜிஎஸ்எம், டெக்ட் (வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசி), டெட்ரா (காவல், தீயணைப்புத் துறைகளின் ரேடியோ), யுஎம்டிஎஸ் (3ஜி) எல்லாம் ஒரே அத்தியாயத்தில் அடைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் பத்துச் சுருக்கெழுத்து. பென்சில்காரர் இங்கேதான் நின்றார். முதல் வாசிப்பில் ஜிஎஸ்எம்மை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜியை மூடிவிட்டார்கள், அதனால் யுஎம்டிஎஸ் பகுதி இங்கே வரலாறாகிவிட்டது. கம்பியில்லா லேன் அத்தியாயத்தில் 802.11 (வைஃபையின் தரம்) நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குப் போட்டியாக ஐரோப்பாவில் உருவான ஹைப்பர்லேனுக்குக் கொடுத்த இடம் வீண். அது சந்தையில் நிலைக்கவே இல்லை. வைஃபை பாதுகாப்பைப் பற்றி இதை நம்பிப் படிக்கவே கூடாது. 802.11i என்ற பாதுகாப்புத் தரம் வந்ததே 2004இல்தான். பழைய கைப்பேசிகளில் இணையம் பார்க்க இருந்த வேப் (WAP) பற்றிய பக்கங்களைத் தைரியமாகப் புரட்டிவிடலாம்.

கணக்கும் குறைவு. கருத்து புரியும்; ஆனால் ஒரு மைக்ரோவேவ் இணைப்புக்கு எத்தனை டெசிபெல் ஒதுக்க வேண்டும் என்று கேட்டால் இந்தப் புத்தகத்தால் சொல்ல முடியாது. மழையால் சிக்னல் தேயும் என்கிறார், சரி. ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து பார்த்த மழை. பினாங்குக் கொடிமலைமேல் கருமேகம் இறங்கி அரை மணி நேரம் கொட்டினால் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இணைப்புகள் என்ன பாடுபடும் என்பதை நம் ஊரில்தான் படிக்க வேண்டும். அதற்கு ஐடியுவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின்) பி.530, பி.837, பி.838 பரிந்துரைகளை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். எல்டிஇ (4ஜி), 5ஜி, பல ஆன்டெனா நுட்பம் இவற்றுக்கெல்லாம் கட்டாயம் வேறு புத்தகம் வேண்டும்.

ஆங்கிலம் எளிது. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் அறிவியல் படித்து வரும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. அக்கா மகளுக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இது: இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் அத்தியாயம், நான்கில் ஜிஎஸ்எம், ஏழில் 802.11, அப்புறம் எட்டும் ஒன்பதும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இருக்கும் கேள்விகளைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவை மனப்பாடத்தில் விடை வராத கேள்விகள்.

வாங்குவதானால் 2003 பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்; 2000 பதிப்பு வேண்டாம். பழைய பிரதியே போதும். புதுப் பிரதிக்கு நூறு இருநூறு வெள்ளி கொடுப்பதானால் அந்தக் காசை எல்டிஇ புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதி இப்போது விடுதியில் இருக்கிறது. நேற்று ராத்திரி அவளிடமிருந்து செய்தி: "மாமா, ஒன்பதாவது அத்தியாயம் ஆரம்பிச்சிட்டேன். சனிக்கிழமை ஃபெரியில போவோமா? லேப்டாப் எடுத்துட்டு வரேன்."