மீன் இல்லாத நாளில் தொடங்கிய காளான் சமையல்: ஆறு வருஷ அனுபவம்

எங்கள் வீடு கடலூர் முதுநகர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நல்ல மீன் வாங்கக் கை கூசும் விலை. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் காளான் வாங்க ஆரம்பித்தேன். இப்போது வஞ்சிரம் மலிவாகக் கிடைக்கிற வாரத்திலும் ஒருநாள் காளான்தான்.

முதல் வருஷம் பண்ணியதெல்லாம் கூத்து. மீனுக்குச் செய்கிற மாதிரி கல் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைப்பேன். சிப்பிக்காளான் அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு வாணலியில் கக்கும். தொக்கு என்று ஆரம்பித்தது ரசமாக முடியும். இப்போது அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிடுகிறேன். வைக்கோல் துணுக்கு அதில்தான் ஒட்டியிருக்கும், வேகவும் வேகாது, ரப்பர்தான். மடலைக் கையால் கிழித்து, குழாயடியில் ஒரே அலசல், உடனே பருத்தித் துணியில் பரப்பல். காளானைக் கழுவவே கூடாது என்பார்கள். அவ்வளவு பயம் வேண்டாம், ஊறத்தான் கூடாது.

பிறகு இரும்பு வாணலி. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, காளான் மட்டும், தீ நன்றாக எரியட்டும். நீர் விட்டு, அது வற்றி, ஓரம் சிவக்கும்போது நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் 200 கிராம் பாக்கெட் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். நாலு பேருக்கு இரண்டு பாக்கெட்டாவது வேண்டும். கூட நேரம் அடுப்பில் இருந்தாலும் குழையாது, அது ஒரு நிம்மதி.

பால் காளான் 35 டிகிரி வெயிலிலும் விளைவதால் கோடைக்கு அதுதான் கை கொடுக்கும். தண்டைக் கனமான வில்லையாக நறுக்கி, மீன் வறுவல் மசாலா தடவி, தோசைக்கல்லில் போட்டால் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். சிப்பிக்காளானுக்கு இரண்டே நாள், அதுவும் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி வைத்தால்தான். ஒருமுறை காலையில் வாங்கி அப்படியே வெளியில் விட்டதில் சாயங்காலமே வழவழவென்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது புத்துக்காளான். பண்ருட்டிப் பக்கம் சித்தி ஊரில், இடி மழைக்கு மறுநாள் முந்திரித் தோப்பில் முளைக்கும். கரையான் தன் புற்றுக்குள் வளர்க்கிற பூஞ்சை அது, படுக்கை போட்டு வளர்க்க முடியாது. நீளமான வேரில் செம்மண் அப்பியிருக்கும். கத்தியால் சுரண்டி, குடையைக் கவிழ்த்துத் தட்டினால் பொடிப் பூச்சிகள் உதிரும். இதற்கு மட்டும் இன்னமும் மஞ்சள், உப்புத் தண்ணீர், இரண்டு நிமிஷம். மிளகுக் குழம்பு வைத்தால் கோழிக்குழம்பு தோற்றுப்போகும்.

ஆனால் நானாகப் பறிப்பதில்லை. புல்தரையில் இதே மாதிரி வெள்ளையாக நிற்கும் ஒரு குடை, முற்றினால் அடிமடல் பச்சை பூக்கும். தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். வேறு சில, சாப்பிட்டு அரைநாள் வரை ஒன்றும் காட்டாமல் கல்லீரலையே தின்றுவிடும். மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும் என்பதெல்லாம் கதை. சித்தி பார்த்துப் பறித்தது மட்டுமே என் அடுப்பில் ஏறும்.

போன புரட்டாசியில் அவர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பை வந்து சேர்வதற்குள் பாதி கறுத்துவிட்டது. பிளாஸ்டிக் பை! போனில் சண்டை போட்டேன். அடுத்த மழைக்கு வாழைச்சருகில் பொதிந்து அனுப்பினார், ஒன்றுகூடக் கெடவில்லை.