அதலைக்காயும் சிறுகிழங்கும்: ஆறு வருட உழவர் சந்தை அனுபவம்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஆறு வருடமாக ஞாயிறுதோறும் போய் வருகிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை இதுதான். தக்காளி, கத்தரிக்காயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பலகையில் விலையைப் பார்த்து வாங்கி வரலாம். மற்ற கடைகளில் கண்ணில் படாத சில காய், கிழங்குகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் அதலைக்காய். ஐப்பசி மழை விழுந்தால் போதும், கரிசல் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு தானாகத் துளிர்த்துக் கொடி ஓடும். பெரும்பாலும் யாரும் விதைப்பதில்லை. பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவில் களை மாதிரி படர்ந்து கிடப்பதைப் பறித்து வருகிறார்கள். சந்தைக்குள் கிடைப்பதைவிட வெளியே சாலையோரம் சாக்கு விரித்து உட்காரும் பெண்களிடம்தான் நான் அதிகம் வாங்கியிருக்கிறேன். விரல் நுனி அளவுதான் இருக்கும். கரும்பச்சை, மேலெல்லாம் வரிவரியாக ஓடும். பாகற்காயின் பங்காளிதான், கசப்பும் அப்படித்தான். விலை மட்டும் பாகற்காயைவிடக் கூடுதல்.

முதல் வருடம் கிடைத்ததே என்று ஒரு கிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையை இறுக்கக் கட்டி வைத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பிரித்தால் பாதிக்கு மேல் வாயைப் பிளந்து, விதை வெளியே வந்து, கொழகொழவென்று கிடந்தது. அடுத்த வாரம் கல்லுப்பட்டிப் பக்கமிருந்து வரும் அம்மாவிடம் முறையிட்டேன்.

“பையக் கட்டலாமா தம்பி? வாங்குன அன்னிக்கே ஆக்கிரணும். கழுவி வச்சாலும் வெடிச்சிரும்.”

அன்றிலிருந்து கால் கிலோதான். இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, நறுக்காமல் முழுசாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டோடு வதக்க வேண்டும். கரண்டியை அதிகம் ஓட்டக் கூடாது, உடைந்து விதை சிதறும். காய் சுருங்கி நிறம் மாறும்போது வறுத்த நிலக்கடலைப் பொடியைத் தூவி இறக்கினால் ரசம் சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம். மகளுக்கு மட்டும் புளி ஊற்றி, கருப்பட்டி ஒரு துண்டு போட்டுக் குழம்பாக வைத்தால்தான் இறங்கும். அதிலும் காயை ஒதுக்கிவிடுவாள் என்பது வேறு கதை.

மார்கழி, தை வந்தால் சிறுகிழங்கு. திருநெல்வேலி, தென்காசிக்காரர்களுக்கு இது இல்லாமல் பொங்கல் இல்லை; எங்கள் வீட்டில் நான் வாங்கி வந்த பிறகுதான் அறிமுகம். மண் அப்பிய கோலிக்குண்டுகள் மாதிரி இருக்கும். ருசிக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம், உரிக்கும் வேலைக்கு முட்டைதான். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும், விரலெல்லாம் கறுத்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப் பையில் போட்டுத் தரையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். மிச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொள்ளலாம். வேகும்போது எழும் அந்த மண் வாசம் உருளைக்கிழங்கில் கிடையாது.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நான்கு பக்கமும் சிறகு வைத்த சிறகவரை பார்க்க அழகு. ஆனால் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தால் நார்தான். மூன்று முறை ஏமாந்து, இப்போது ஒன்றை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. மூக்குத்தி அவரை பொரியலுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது.

பெரிய குறை இதுதான்: எதையும் நம்பித் திட்டமிட முடியாது. மழை தள்ளிப்போனால் அதலைக்காயும் தள்ளிப்போகும். ஏழு மணிக்கு மேல் போனால் வெறும் சாக்குதான் இருக்கும். விருந்தாளி வரும் நாளில் இதை நம்பி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

இந்தத் தொல்லைக்கு வழி தேடி, போன வருடம் அந்த அம்மாவிடமே ஒரு கிழங்கு கேட்டு வாங்கி மாடித் தொட்டியில் புதைத்தேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி வந்தது, மழையும் வந்தது, கொடி மட்டும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகிப்போயிருந்தது.

“கோடையில அது தூங்கும் தம்பி. தூங்குறதுக்குப் போயி யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?” என்று சிரித்துவிட்டுக் கால் கிலோவை நிறுத்தார். மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.