நான் பெட்ரோல், அத்தான் டீசல்: ஆரியங்காவு மலையில் ஆக்டேவியாவோடு நாலு வருஷம்

பாவூர்சத்திரம் சந்தையில் எனக்குக் காய்கறி கமிஷன் கடை. சரக்கு பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. வசூலுக்கு வாரத்தில் ஒரு நாள் நானும் போகிறேன்: செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர், அப்புறம் கொட்டாரக்கரை. அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் புனலூரில்தான் என்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறும் இதே ரோடு. 2021 செப்டம்பரில் 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்த 2016 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) வாங்கினேன். இப்போது மீட்டரில் 1,06,000. நான் வாங்கி ஆறு மாதத்தில் அத்தான் அதே வண்டியில் 2.0 டிடிஐ டீசலை எடுத்தார். ஒரே மலை, ஒரே மழை. அவர் வண்டியை நானும் என் வண்டியை அவரும் ஓட்டாத மாதம் கிடையாது.

நான் தேடிப் போனது டீசலைத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2013-இல் வந்த அந்தத் தலைமுறை ஆக்டேவியாவுக்கு இந்தியாவில் மூன்று இன்ஜின். 1.4 டிஎஸ்ஐ மேனுவல் கியரோடு மட்டும் வந்தது. ஆரம்பத்தில் 140 பிஎஸ் (குதிரைத்திறன்), 2017-இல் வெளித்தோற்றம் மாறியபோது 150. 1.8 டிஎஸ்ஐ 180 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) மட்டும். 2.0 டிடிஐ டீசல் 143 பிஎஸ். இதில் மேனுவலும் உண்டு, ஆறு கியர் டிஎஸ்ஜியும் உண்டு. 2017-இல் ஆர்எஸ் 230 என்று 2.0 பெட்ரோல் ஒன்று 500 வண்டி மட்டும் வந்தது. அது எங்காவது விலைக்கு இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள், கடையை அடமானம் வைத்துவிடுவேன். அதே காசுக்குப் பழைய பிஎம்டபிள்யூ 320டி-யும் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்து 320டி-யில் டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டிவந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். தென்காசியில் இருந்துகொண்டு அந்த வேலைக்கு ஆள் தேட எனக்குத் தெம்பில்லை.

டீசல் ஏன் கைவிட்டுப் போனது என்பதற்கு இன்ஜின் காரணமில்லை. கொட்டாரக்கரைப் பக்கம் ஒரு யார்டில் வெள்ளை டிடிஐ, 2015 மாடல், மேனுவல், 61,000 கிலோமீட்டர். புரோக்கர் "டாக்டர் ஓட்டின வண்டி" என்றார். கேரளத்தில் விற்பனைக்கு வரும் வண்டியில் பாதியை டாக்டர்தான் ஓட்டியிருப்பார் போல. பெயின்ட் கண்ணாடி மாதிரி, இன்ஜின் ஒரு தட்டில் ஸ்டார்ட். நான் அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கை விட்டுவிட்டேன். கூட வந்த ஆசான் (புனலூரில் அத்தானின் வண்டிகளைப் பார்ப்பவர்) ஒன்றும் பேசாமல் பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். பெல்ட் முழுக்க வெளியே வந்து, கடைசி ஒரு சாண் நீளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. சேறு. பெல்ட்டுக்கு மேல்பக்கம் துவைத்திருக்கிறார்கள், சுருளுக்குள் இருந்ததை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. பிறகு முன்சீட்டு போல்ட்டைக் காட்டினார்: தலையில் துரு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியாக இருக்கும் என்றார். புரோக்கர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார், நாங்கள் கேட்க நிற்கவில்லை.

அந்த பெல்ட்டில் சேறு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் டீசல்காரன். மூன்று மாதம் வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எடுத்த முடிவு அந்த ஒரு சாண் துணியில் மாறியது. பிறகு கோயம்புத்தூரில் ஒரே கையில் இருந்த, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் இருந்த 1.8 கிடைத்தது. டிஎன் பதிவு என்பதும் ஒரு காரணம். கேரள வண்டி பார்க்கும்போது நாற்பது ஐம்பதாயிரம் குறைவாகத் தெரியும். என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்தக் குறைவு எங்கே போனது என்றே தெரியாது.

வாங்கிய பிறகுதான் இன்னொன்று புரிந்தது. "பெட்ரோலா டீசலா" என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, உண்மையில் அது கியர்பாக்ஸ் கேள்வி. 1.8-இல் வருவது ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி. கிளட்ச் இரண்டும் எண்ணெயில் நனையாது, காற்றில்தான் ஆற வேண்டும். அந்தப் பெட்டி தாங்கும் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 250 என்எம் வரைதான். அதனால்தான் 1.8-இன் டார்க்கையும் 250-இலேயே கட்டிப் போட்டிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் 2016 ஸ்கோடா சூப்பர்ப் காரைப் பாருங்கள்: அதே 1.8 இன்ஜின், மேனுவல் கியரோடு 320, டிஎஸ்ஜியோடு 250. டீசலில் வருவது ஆறு கியர் வெட் கிளட்ச். எண்ணெயில் குளித்துக்கொண்டே வேலை செய்யும், 320 என்எம்மை அலட்டாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும். அத்தான் கடைசியாக மாற்றியபோது 16,000 ரூபாய்.

ஏழு கியர் பெட்டியின் பழைய பேர் நல்ல பேர் இல்லை. 2013-இல் ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன்காரர்கள் சீனாவில் மட்டும் 3,84,000-க்கு மேல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளில் சிந்தெடிக் கியர் ஆயிலை மினரல் ஆயிலுக்கு மாற்றச் சொன்னார்கள். என்னுடையது அதற்குப் பிறகு வந்த வண்டி, இதுவரை பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் அதற்கு நான் ஓட்டும் விதமும் காரணம் என்றே நினைக்கிறேன். முதல் வருஷம் கார்த்திகை மாதம், சாமி கூட்டம். புளியரையில் இருந்து எஸ் வளைவு வரைக்கும் பஸ்ஸும் டாரஸ் லாரியும் நத்தையாக நகர்ந்தன. ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். மேனுவல் வண்டியில் அரைக் கிளட்ச்சில் நிற்கிற அதே கெட்ட பழக்கம். கோட்டைவாசல் ஏறும்போது உள்ளே தீய்ந்த வாசனை. தப்பு முழுக்க என்னுடையது. இப்போது அந்த நெரிசலில் முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு, முழு பிரேக்கில் நின்று, மொத்தமாக நகர்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். அத்தானுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊர்ந்து வருவார்.

ஆனால் ரோடு காலியாக இருக்கும் காலை ஐந்து மணிக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் மலை செங்குத்து, தூரம் குறைவு. கேரளப் பக்கம் ஆரியங்காவில் இருந்து தென்மலை வரை நீளமாக, வளைந்து வளைந்து இறங்கும். எஸ் வளைவில் டீசல் ராஜா. 1,750 சுற்றிலேயே முழு டார்க் கிடைக்கிறது, லாரியைத் தாண்ட வேண்டுமா, பாதத்தை அழுத்தினால் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி போகும். 3,000 தாண்டினால் மூச்சு வாங்கும், அடுத்த கியர் கேட்கும். 1.8 அப்படி இல்லை. தள்ளு அந்த அளவு இல்லை, ஆனால் 1,250 சுற்றில் ஆரம்பித்த இழுவை 5,000 வரை சமமாக வரும். அதற்கு மேலும் 6,200 வரை சளைக்காமல் ஏறும். கம்பை இடப்பக்கம் தள்ளி மூன்றாவது கியரில் பூட்டிவிட்டால் ஒரு வளைவில் இருந்து அடுத்த வளைவுக்குக் கியரே மாற்ற வேண்டாம். லாரியைத் தாண்டும் நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், டீசல் சீக்கிரம் கிளம்பும், பெட்ரோல் கடைசியில் பறக்கும்.

வித்தியாசம் இன்ஜினில் இல்லாமல் பின்சக்கரத்தில் இருக்கிறது. இதை விற்கிறவர் யாரும் சொல்ல மாட்டார். மூன்றில் 1.8-க்கு மட்டும் பின்னால் ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், 1.4-க்கும் டீசலுக்கும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம். கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்துக்குக் கிட்டே, மழைக்காலத்தில் வளைவின் உள்பக்கம் தார் பெயர்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் அத்தான் வண்டியின் இடது பின்சக்கரம் இறங்கினால் வலது சக்கரத்துக்கும் சேதி போகிறது. வண்டியின் பின்புறம் அரை அடி வெளியே துள்ளி, பிறகு பிடிக்கும். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்டியரிங்கில் கை இறுகும். என் வண்டியில் அந்தச் சக்கரம் மட்டும் "தட்" என்று சொல்லிவிட்டு அதன் வேலையைப் பார்க்கும். முதல் தடவை என் வண்டியை அந்த இடத்தில் ஓட்டிய அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. தென்மலை வந்ததும், "மாப்ளே, இது வேற வண்டிலா" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இனி காசு. இந்தக் கணக்கை நான் எனக்குச் சாதகமாக எழுதப் போவதில்லை. என் நோட்டுப்படி 1.8 மலையில் லிட்டருக்கு 9.5 கிலோமீட்டர், நான்குவழிச் சாலையில் 14.5, மொத்தச் சராசரி 11.5. அத்தானின் டீசல் மலையில் 13, நெடுஞ்சாலையில் 18-க்கு மேல், சராசரி 15.5. பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைத்தால் எனக்குக் கிலோமீட்டருக்கு 8.87 ரூபாய், அவருக்கு 6.06. 48,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,35,000 ரூபாய் வித்தியாசம். அன்றைக்கு அதே வயதுள்ள டீசல் என் வண்டியைவிட 1,30,000 அதிகம் கேட்டார்கள். அதாவது நான்கு வருஷம் ஓடிய பிறகு, இப்போதுதான் இரண்டும் சமத்துக்கு வந்திருக்கின்றன. நான் ஓட்டுவது வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம்கூட இல்லை. இருபதாயிரம் ஓட்டுகிறவர் டீசலைத்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அத்தான் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மாற்றிய செலவு உண்டு, எனக்கு அது இல்லை, 1.8-இல் செயின். ஆனால் நான் வாங்கும் ஆயிலும் டயரும் அதைச் சமன் செய்துவிடுகின்றன.

ஒரு சின்ன லாபம் எங்கள் இருவருக்கும் பொது: கேரளத்தைவிட இங்கே எண்ணெய் விலை குறைவு. 2023-இல் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி போட்ட பிறகு இன்னும் குறைவு. அத்தான் எங்களைப் பார்க்க வரும் சாக்கில் செங்கோட்டையில் டேங்கை நிரப்பிக்கொண்டு போவார். ஐம்பது லிட்டர் டேங்க்.

வண்டி என்னை நடுவழியில் நிறுத்தியது ஒரே தடவை, அதற்கும் காரணம் மனிதக் கை. ஒரு வொர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) பிளக்கும் ஃபில்டரும் மாற்றக் கொடுத்தேன். கூலன்ட் ஹோஸைக் கழற்றி மாட்டியவர் கிளாம்ப்பைச் சரியாகக் கவ்வவிடவில்லை. ஆரியங்காவு தாண்டி சிவப்பு விளக்கு. டீக்கடை ஓரம் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன், இளஞ்சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கூலன்ட் மூடியில் கை வைக்கப் போக, டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் "அண்ணாச்சி, கைய எடுங்க!" என்று கத்தினார். அரை மணி நேரம் ஆறவிட்டு, அவரே ஸ்க்ரூ டிரைவரால் கிளாம்ப்பை நகர்த்தி மாட்டினார். தண்ணீர் கடையில் இருந்த குடிநீர் பாட்டில். காசு வாங்க மறுத்துவிட்டார், டீக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அடுத்த நாளே ஆசானிடம் முழுக்க வடித்து, சரியான கூலன்ட் ஊற்றினேன். அன்றையில் இருந்து டிக்கியில் ஒரு லிட்டர் கூலன்ட், ஒரு துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். 590 லிட்டர் டிக்கியில் அதெல்லாம் தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு இரண்டு மூட்டை சின்ன வெங்காயமும் சேர்ந்து போகும்.

2025-இல் பங்க் எல்லாம் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஆன பிறகு என் சராசரி 11.8-இல் இருந்து 11.2-க்கு இறங்கியிருக்கிறது, மேலே சொன்ன 11.5 இரண்டையும் சேர்த்துத்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் இது எதிர்பார்த்ததே. பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் ரப்பர் ஹோஸ்களை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு வேறு: ஊருக்குள் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் இஜிஆரில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) கரி அடையும். அத்தானுக்கு மலை ஏறுவதே மருந்து.

போன ஞாயிறு சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அத்தான் மெதுவாக ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்கு வண்டியை மாற்றிக்கொள்ளலாமா, அவர் டீசல் எனக்கு, என் 1.8 அவருக்கு.

"உங்க மைலேஜ் கணக்கு என்னத்தான் ஆகும்?" என்றேன்.

"அத உன் அக்காகிட்ட நீ சொல்லாம இருந்தா போதும்லா."

சாவியைக் கொடுத்திருக்கிறேன். டேங்கை நிரப்பித்தான் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.