இரண்டாவது திரையில் வீடியோ திக்குகிறதா? உடனே கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடாதீர்கள்

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று போனால், சில கடைகளில் கோளாறைப் பார்ப்பதே இல்லை. திரைக்குப் படம் உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். மதுரையில் என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. கட்டியதும் போலிக் கார்டு.

அக்கா ஆன்லைனில் வேதியியல் வகுப்பு எடுக்கிறார். ஒரு திரையில் மாணவர்கள், மற்றதில் பாட வீடியோ. இரண்டாவது மானிட்டரை விற்ற கடைக்காரர், "உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மானிட்டருக்குத்தான் வழி இருக்கிறது மேடம்" என்று சொல்லி, யுஎஸ்பியில் செருகும் அடாப்டர் ஒன்றை 1,800 ரூபாய்க்கு மாட்டிவிட்டார். அதன் பிறகு அந்தத் திரையில் எழுத்தெல்லாம் ஒழுங்காகத் தெரியும். வீடியோ போட்டால் மட்டும் படம் துண்டு துண்டாக நகரும், குரல் முன்னால் ஓடிவிடும். திரும்பவும் போய்க் கேட்டதற்கு, இரண்டு திரையை இழுக்க மதர்போர்டுக்கு (கணினியின் முக்கியச் சர்க்யூட் பலகைக்கு) சக்தி போதாது என்றார். என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெட்டியில் அச்சிட்ட கிராபிக்ஸ் கார்டை 6,500 ரூபாய்க்குப் பொருத்தி, முதல் திரையில் ஒரு பாட்டை ஓட்டிக் காட்டினார். கோளாறு இருந்ததோ இரண்டாவது திரையில்!

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கேபினட்டைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது மானிட்டரை இணைத்திருந்த பழைய அடாப்டர் முன்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால், மானிட்டரை நேரடியாக இணைக்கும் மதர்போர்டின் டிஸ்ப்ளேபோர்ட் தூசி படிந்து காலியாக இருந்தது. அந்தக் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5. அதனுள் இருக்கும் எச்டி 630 கிராபிக்ஸே மூன்று திரைகளை இயக்கக்கூடியது.

அடாப்டர் ஏன் திணறியது? முழு எச்டி திரைக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்ப, சுருக்காவிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 3 ஜிகாபிட் தேவை. யுஎஸ்பி 2.0 தருவது அதிகபட்சம் 480 மெகாபிட். அதனால் பிராசசர்தான் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்ப வேண்டும். எழுத்துப் பக்கத்தில் பெரிதாக எதுவும் மாறாததால் சமாளித்துவிடும். வீடியோவில் திரை முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால் முடியாது. கார்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் குறுகிய வழியை அகலப்படுத்தாது.

கார்டைப் பற்றி முதலில் சந்தேகம் தந்தது அதன் நீல நிற விஜிஏ போர்ட், அதாவது பழைய வகை அனலாக் மானிட்டர் இணைப்பு. உண்மையான 1050 டிஐ அனலாக் சிக்னலே தராது; அதில் விஜிஏ இருக்க வழியில்லை. "அப்டேட் செய்துவிடாதீர்கள்" என்ற எச்சரிக்கையோடு டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) பென்டிரைவில் கொடுத்திருந்தார்கள். கார்டின் உண்மையான விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். கார்டின் பெயருக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், 'ஃபேக்' (போலி) என்று காட்டியது. பல ஆண்டு பழைய, ஃபெர்மி என்ற என்விடியா வகைச் சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதிப் புதிய பெயரில் விற்கும் மோசடி இது. அந்தச் சிப்புகளுக்கு என்விடியா 2018-லேயே புதிய டிரைவர்களை நிறுத்திவிட்டது. பழைய கார்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே, கடையிலேயே இந்த மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள்.

கார்டையும் அடாப்டரையும் கழற்றினேன். ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயிலும் மற்றதை டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலும் நேரடியாக இணைத்தேன். வீடியோ தடங்கலின்றி ஓடியது. தேவைப்பட்டது அந்த ஒரு கேபிள்தான். ஒரு ஆசிரியையிடம் 8,300 ரூபாயைப் பிடுங்கியதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பில் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது" என்றார்கள். கொடுத்தது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு! பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது.

அக்கா யுபிஐயில் பணம் கட்டியிருந்ததால் ஆதாரம் கையில் இருக்கிறது. ஜிபியு-இசட் காட்டிய திரையையும் படம்பிடித்து 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதன் பிறகு கடைக்காரர் தானே அழைத்து, பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். முழுத் தொகையும் வராமல் புகாரைத் திரும்பப் பெற முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார்.